கட்டுத்தரை எண் பதினேழு

எங்கள் வீதியில் மனிதர்கள் யாரும் குடியிருக்கவில்லை என்பது கடந்த நாற்பத்தெட்டு வருடங்களாகக் கருவேலம்பதி பஞ்சாயத்தின் உறுதியான நிலைப்பாடு. இதில் கட்சி வேறுபாடு கிடையாது. இடதும் வலதும் மாறி மாறி வந்தார்கள். மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக நின்றார்கள்.

எல்லாம் ஒரு வியாழக்கிழமை செய்த வேலை. 1977-ல் ஊருக்கு மண்டல வரைபடம் போட ஒரு அதிகாரி வந்தார். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே வயல் என்று பார்த்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வண்ணம் தீட்டி, அந்த வண்ணத்துக்குள் என்ன கட்டலாம் என்ன கட்டக் கூடாது என்று விதி எழுதுவது அவர் வேலை. அந்தக் காலத்தில் வியாழன்தோறும் எங்கள் வீதியில் மாட்டுச் சந்தை. சந்தை நாளில் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தால் மாடு உள்ளே வந்து தவிட்டைத் தின்றுவிடும். ஆகவே ஜனங்கள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அதிகாரி தலையை நீட்டிப் பார்த்தார். எருதும் எருமையும் தெரிந்தன. கண்டதைக் கண்டபடி எழுதினார்: "கால்நடைச் சந்தை மண்டலம். மனிதக் குடியிருப்பு இல்லை." மறுநாள் வந்திருந்தால் எங்கள் அத்தனை பேரையும் பார்த்திருக்கலாம். மறுநாள் அவருக்கு வேறு ஊரில் ஜோலி.

அன்றிலிருந்து எங்கள் முப்பத்திரண்டு வீடுகளும் பஞ்சாயத்துப் புத்தகத்தில் மாட்டுத் தொழுவம். நாங்கள் எல்லைக்கு மலையாளப் பக்கம் என்பதால் மலையாளத்தில் தொழுத்து என்று எழுதியிருக்கும். எங்கள் பேச்சில் கட்டுத்தரை. கட்டுத்தரைக்கு வரி கம்மி என்பதால் எங்கள் அப்பன்மார்கள் வாயைத் திறக்கவில்லை. பிறகு லாரிகள் வந்தன, மாடுகள் நேராகப் பொள்ளாச்சிக்குப் போக ஆரம்பித்தன, சந்தை நின்று இருபத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. வரைபடம் மட்டும் நிற்கவில்லை.

நான் கட்டுத்தரை எண் பதினெட்டு. பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்தக் காரியத்துக்கும் மூன்று நகல் கேட்கும் ஓர் அலுவலகத்தின் தயவில் பிழைக்கிறவன். அதனாலேயே அதைத் திட்டுவதற்கு என்னை விடத் தகுதியான ஆள் ஊரில் இல்லை என்பது என் கருத்து.

எனக்குப் பக்கத்துவீடு, எண் பதினேழு, காளிச்சாமி அண்ணன். நாற்பது தென்னை, கொஞ்சம் நிலக்கடலை, யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத சுபாவம். அவர் சம்சாரம் நாச்சம்மாள் அக்காவுக்குச் சித்திரையில் கோயமுத்தூரில் இரண்டு முட்டியிலும் ஆபரேசன் நடந்தது. ஆபரேசன் நன்றாகவே முடிந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். காலை மடக்கி உட்காரக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது, வழுக்காத தரை வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். காளிச்சாமி அண்ணன் வீட்டுக் கக்கூஸ் கொல்லைக் கோடியில், ஏழு படி இறங்கிப் போய்க் குந்தி உட்காருகிற ரகம். ஆகவே அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கிணத்துக்கடவில் தம்பி வீட்டுக்குப் போனார். அங்கே உட்காரும் பீங்கான் இருந்தது. கூடவே தம்பி பெண்டாட்டியும் இருந்தார்.

முதல் வாரமே போன் வந்தது. அண்ணன் என் கடையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, கட்டியாச்சுங்களா?"

"நாளைக்கு ஆரம்பிக்கறம் நாச்சா."

"சீக்கிரமாக் கட்டுங்க. இவ நான் உள்ள போனா வாசல்ல நின்னு தண்ணி ஊத்தறத எண்ணறா. இன்னும் ஒரு மாசம் இங்கிருந்தன்னா, ஒண்ணு நான் இருப்பன், இல்ல அவ இருப்பா."

மறுநாள் காலை வீட்டின் பக்கவாட்டில் ஐந்தடிக்கு ஏழடி கயிறு பிடித்து, கொத்தனார் இரண்டு கல் வைத்தார். மூன்றாவது கல்லை எடுக்கும்போது பஞ்சாயத்து ஓவர்சியர் ஷிஜு பைக்கில் வந்து நின்றார். எங்கள் வீதியில் விளக்குக் கம்பம் சாய்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதைப் பார்க்க வராதவர், இரண்டு கல்லைப் பார்க்க அரை மணியில் வந்தது அவருடைய கடமை உணர்ச்சியைக் காட்டுகிறது. ஷிஜு நல்ல பையன்தான். தெற்கே பாலா என்ற ஊரிலிருந்து மாற்றலாகி வந்து நாலு வருடம், தமிழ் பேசுவதாக அவரே சொல்லிக்கொள்வார்.

"காளிச்சாமி சேட்டா, இங்க கக்கூஸ் கெட்டக்கூடாது கேட்டோ."

"எதனாலீங்க?"

"இது கால்நடை மண்டலம் அல்லே. ஆள் குடியில்லாத இடத்தில் மனுஷ்யனுக்கு எந்தினா கக்கூஸ்?"

"நான் இருக்கறனுங்களே."

ஷிஜு கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "மாடு பார்க்கிறவர் தற்காலிகமாய்த் தங்கலாம்னு விதி உண்டு. நீங்கள் தற்காலிகம்."

"எங்கப்பாரும் இங்கதானுங்க இருந்து செத்தாரு."

"அவரும் தற்காலிகம்தான். போயிட்டாரல்லே?"

ஷிஜு வேலையை நிறுத்தும் உத்தரவை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, போகும்போது ஓர் ஆறுதலும் சொன்னார். மண்டல விதிகளைப் புதுப்பிக்கப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அதற்கு உத்காடனம், எல்லாம் சரியாகிவிடும்.

உத்காடனம் என்றால் தொடக்க விழா. பாலம் கட்டினால் உத்காடனம், பாலம் கட்டப் போகிறோம் என்றால் உத்காடனம், கட்டலாமா என்று யோசிக்கக் கூடினாலும் உத்காடனம். ஞாயிறு காலை பத்து மணிக்கு சமுதாயக் கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். அழைப்பிதழ் என் கடையில்தான் அச்சானது என்பதால் நிகழ்ச்சி நிரல் எனக்கு மனப்பாடம்: வரவேற்பு, தலைமை, தொடக்கவுரை, சிறப்புரை, பதினான்கு பேர் வாழ்த்துரை, நன்றி. விதிகளை எப்படிப் புதுப்பிப்பது என்பதற்கு "பொருள் அறிமுகம்" என்று ஒரு ஐந்து நிமிடம், பதினோராவது வாழ்த்துக்கும் பன்னிரண்டாவது வாழ்த்துக்கும் நடுவில் செருகியிருந்தார்கள். பத்தாவது வாழ்த்திலேயே சாப்பாடு வந்துவிட்டது.

எங்கள் வார்டு மெம்பர் பூபதிராஜா முக்கால் மணி நேரம் பேசினார். "இந்தக் கருவேலம்பதியிலே ஒரு செங்கல் வெச்சாலும் அது திட்டமிட்டு வெச்ச செங்கல்லா இருக்கோணும். திட்டமில்லாம ஒருத்தன் ஊடு கட்டறான்னா அவன் நாட்டுக்கே துரோகம் பண்றான். என்ற சொந்த ஊட்ட எடுத்துக்குங்க, அதுக்கு இன்னும் பெர்மிட் கெடைக்கல. ஆனா நான் கட்டி முடிச்சுட்டன், ஏன்னா எனக்குத் திட்டம் இருந்துச்சு." கைதட்டினார்கள். பின்வரிசையில் கோரிக்கை மனுவோடு உட்கார்ந்திருந்த காளிச்சாமி அண்ணன் கை தூக்கினார், பேச அனுமதி கேட்டு. அவர் எழுந்ததைப் பார்த்த யாரோ பெயர்ப் பட்டியலில் அவரைத் தேடி, மேடைக்கு அழைத்து, "கால்நடை மண்டலத்தின் மூத்த கால்நடை வளர்ப்பாளர்" என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்தி, கையில் கண்ணாடிப் பெட்டியில் ஒரு நினைவுப் பரிசும் கொடுத்து இறக்கிவிட்டார்கள். அவர் கடைசியாக மாடு வைத்திருந்தது மகள் யோகப்பிரியா பள்ளிக்கூடம் போன காலத்தில்.

சாயங்காலம் போன்.

"ஏனுங்க, கட்டியாச்சுங்களா?"

"பொன்னாட போத்துனாங்க."

"அத வெச்சு நாலு குச்சி நட்டு மறப்புக் கட்டிக்கலாம்னு இருக்கறீங்களா?" என்றார் அக்கா.

அடுத்த மாதம் எர்ணாகுளத்திலிருந்து திட்ட வல்லுநர் ஜோஜோ வந்தார். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், தலைக்கு மேல் பறக்க ஒரு டிரோன். வீதியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனித்தனிப் படிவம்; எங்களுக்குக் கால்நடை மண்டலப் படிவம். ஜோஜோ மிகவும் மரியாதையானவர். மலையாளத்தில் கேட்டார், அண்ணன் தமிழில் பதில் சொன்னார், இரண்டும் நன்றாகவே புரிந்துகொள்ளப்பட்டன. அதுதான் பிரச்சினை.

"இங்கே முதிர்ந்த உருப்படிகள் எத்தனை?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன்.

"ரெண்டுங்க. நானும் அவளும்."

"கன்று?"

"ஒண்ணு இருந்துச்சுங்க. திருப்பூர்ல கட்டிக் குடுத்துட்டமுங்க."

"விற்பனையா?"

"இல்லீங்க, நாங்கதான் நக போட்டு அனுப்புனோம்."

"இனாம்," என்று ஜோஜோ தட்டினார். "தீவனம்?"

"ரெண்டு வேள சோறு. காத்தால இட்லி. அவ இல்லாததால இப்ப மூணு வேளையும் ரவ உப்புமாதானுங்க."

"கலப்புத் தீவனம். நோய் ஏதாவது?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அண்ணன் முகம் மலர்ந்தது. ஒருவழியாக யாரோ கேட்டுவிட்டார்கள். "அவளுக்கு முட்டிங்க. ரெண்டு கால்லயும் ஆபரேசன் ஆயிருக்குது. அதுக்குத்தானுங்க இந்தப் பாத்ரூம்."

ஜோஜோ எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு, கையைக் குலுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். என் வீட்டில் நான் உஷாராக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் "வயது, பல் நிலை" என்று கேட்டதும் என்னையறியாமல் வாயைத் திறந்து காட்டிவிட்டேன். மனுசனுக்குக் கேள்வி கேட்கிற ஆளைக் கண்டால் அப்படி ஒரு பணிவு வந்துவிடுகிறது.

ஆவணியில் வரைவு வரைபடம் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. பழுப்பு என்றால் கால்நடை, மஞ்சள் என்றால் குடியிருப்பு. எங்கள் வீதி முன்னைவிடக் கெட்டியான பழுப்பில் இருந்தது. ஓரத்தில் குறிப்பு: "சந்தை நின்றபோதிலும் மண்டலம் உயிர்ப்புடன் உள்ளது. முதிர்ந்தவை எழுபத்தொன்பது, கன்றுகள் பதினான்கு. ஒன்றைத் தவிர யாவும் நலம்." ஊரிலேயே பளிச்சென்ற மஞ்சள் அடித்திருந்த இடம் கல்லறைத் தோட்டம். டிரோன் மேலிருந்து பார்த்ததில், நேர்கோட்டில் அமைந்த, ஒன்றையொன்று இடிக்காத, சிமெண்ட் பூசிய நூற்றுப் பன்னிரண்டு கட்டுமானங்கள் தெரிந்தனவாம். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் உரிமையாளர் பெயரும் தேதியும் இருந்தனவாம். "முன்மாதிரிக் குடியிருப்பு, சத்தம் குறைவு" என்று எழுதியிருந்தது.

ஆட்சேபம் உள்ளவர்களுக்கு ஒரு விசாரணை நாள் வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் ஜோஜோ, பக்கத்தில் ஷிஜு, இன்னொரு பக்கம் மெம்பர் பூபதிராஜா. மஞ்சள் மண்டலத்திலிருந்து ஓர் ஆட்சேபம்கூட வரவில்லை என்று சொல்லி ஜோஜோ திருப்தியுடன் ஆரம்பித்தார். அடுத்து காளிச்சாமி அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டைப் பொத்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஐயா, எங்க வீதில இருக்கறது மாடில்லீங்க. நாங்க மனுசருங்க."

ஜோஜோ கண்ணாடியைக் கழற்றினார். அவர் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன். "காளிச்சாமி, தனிப்பட்ட முறையில் நான் உங்களை மனிதர் என்றே நம்புகிறேன். உங்கள் வீட்டில் காப்பி குடித்திருக்கிறேன். ஆனால் என் நம்பிக்கையை வைத்து வரைபடம் வரைய முடியாது. ஆதாரம் வேண்டும். குடியிருப்புச் சான்றிதழ் இருக்கிறதா?"

"குடுங்கன்னுதானுங்க கேக்கறன்."

"சேட்டா, அது வீட்டுக்குத்தான் தருவோம். உங்களுக்கு வீடில்லை, தொழுத்துதான்," என்றார் ஷிஜு.

"அப்ப தொழுத்த ஊடுன்னு மாத்துங்க."

"அதுக்குக் குடியிருப்புச் சான்றிதழ் வேணும்."

இங்கே மெம்பருக்குத் திடீரென்று ரோஷம் வந்தது. "அதெப்படீங்க? இந்த வீதில எழுவது ஓட்டு எனக்கு உழுந்திருக்குது. அப்பறம் என்னைய ஜெயிக்க வெச்சது மாடுங்கறீங்களா?"

ஜோஜோ நிதானமாகச் சொன்னார்: "அது தேர்தல் துறையின் கருத்து. இன்னொரு துறையின் கருத்தில் நாங்கள் தலையிடுவதில்லை."

பூபதிராஜா சற்று யோசித்தார். பிறகு, துறைகளுக்கு இடையே நல்லுறவு வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஆட்சேபம் தள்ளுபடி ஆனது. அண்ணன் வெளியே வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. "என்னன்னு சொல்றது?" என்று என்னைக் கேட்டார். அவர் சட்டைக் காலர் இரண்டு நாளாகத் துவைக்காமல் அழுக்காக இருந்தது. இத்தனை வருடத்தில் நான் பார்க்காத அழுக்கு அது. எனக்கு அந்த மேசை, அந்தக் கோப்பு, அந்த மூன்று நகல் எல்லாவற்றின் மேலும் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வாரம் கழித்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து பதினேழாம் எண் முன்னால் நின்றார். கால்நடை டாக்டர் வனிதா, எங்கள் பக்கத்து ஆள்தான். கையில் கணக்கெடுப்புப் படிவம்.

"எங்கீங்க அது?"

"எதுங்க?" என்றார் அண்ணன்.

"ரெண்டு கால்லயும் ஆபரேசன் ஆன உருப்படி. எங்களுக்குத் தெரியாம யாருங்க ஆபரேசன் பண்ணுனது?"

"கோயமுத்தூர்ல, பெரிய ஆஸ்பத்திரிலீங்க."

"வயசு?"

"அம்பத்தெட்டுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "பேரு?"

"நாச்சம்மாளுங்க. என்ற சம்சாரம்."

பதினோரு வருடம் அரசாங்க வேலை பார்த்தவர் என்பதால் டாக்டர் சிரிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு பையிலிருந்து பழைய விதிப் புத்தகத்தை எடுத்தார். 1977-ல் அந்த வியாழக்கிழமை அதிகாரி எழுதியதேதான்.

"இதக் கேளுங்கண்ணா," என்று வாசித்தார். கால்நடை மண்டலத்தில் கட்டுத்தரை எதிலும் காலில் ஊனமுற்ற உருப்படி இருப்பதாகப் பதிவானால், உரிமையாளர் முப்பது நாளுக்குள் அதே இடத்தில் நோய்க்கொட்டில் ஒன்று கட்டித்தர வேண்டும். அதற்குப் பஞ்சாயத்து அனுமதி தேவையில்லை. கட்டாவிட்டால் தண்டனை. வாசலில் படி இருக்கக் கூடாது, சரிவு இருக்க வேண்டும். தரை வழுக்கக் கூடாது. சாய்ந்து நிற்க இருபுறமும் கம்பி. தண்ணீர்க் குழாய், கழிவு போக மூடிய குழி. உருப்படி காலை மடக்க நேராதபடி ஏற்பாடு.

காளிச்சாமி அண்ணன் சட்டைப் பையிலிருந்து கோயமுத்தூர் டாக்டரின் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். படி, தரை, கம்பி, மடக்கக் கூடாத கால் என்று எல்லாம் ஒத்திருந்தது. இரண்டு தாள்கள் ஒன்றையொன்று மறுக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாட்டுக்கு இத்தனை அக்கறையாக யோசித்த ஒரு மனிதர், தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவையாவது தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

"டாக்டரம்மா, இது பொய் சொல்றதாகாதுங்களா?" என்றார் அண்ணன்.

"நீங்க எங்கீங்க பொய் சொன்னீங்க? கேட்டதுக்குப் பதில் சொன்னீங்க. முப்பது நாளுங்க, மறந்துராதீங்க. கட்டுலீன்னா நானே நோட்டீஸ் அனுப்போணும்."

பதினெட்டு நாளில் கட்டி முடித்தார். ஷிஜு வந்து அளந்தார். எல்லாம் விதிப்படி இருந்தது, சொல்லப்போனால் விதியைவிட ஒரு கம்பி கூடுதல். நடுவில் இருந்த பீங்கானுக்கு முன்னால் மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி, ஒன்று, மூடியுடன்" என்று எழுதினார். நல்ல பையன் என்று சொன்னேனே. டாக்டர் வனிதா ஒரு மஞ்சள் வில்லையைக் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டுக் காதில் குத்துவார்களே, பன்னிரண்டு இலக்க எண் போட்டது. கொட்டிலில் சேரும் உருப்படிக்குக் கட்டாயம். "காதுல போடோணுமுன்னு விதி. நான் கைல குடுத்தன்னு எழுதிக்கறன்," என்றார். அண்ணன் அதைக் கொட்டில் சாவியோடு கோத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவரே போன் போட்டார். "நாச்சா, கட்டியாச்சு."

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம், "ஞாயித்துக்கெழம வாரன். ரவ டப்பாவத் தூக்கி வீசுங்க," என்றார்.

இதற்குள் செய்தி மெம்பருக்கு எட்டிவிட்டது. நாற்பத்தெட்டு வருடத்தில் எங்கள் மண்டலத்தில் விதிப்படி கட்டப்பட்ட முதல் நோய்க்கொட்டில். தேர்தலுக்கு மூன்று மாதம். சும்மா விடுவாரா பூபதிராஜா? ஞாயிறு காலை காளிச்சாமி அண்ணன் கதவைத் திறந்தபோது வாசலில் பந்தல் இருந்தது. பாத்ரூம் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். கதவுக்குப் பக்கத்திலேயே மைக். வீதி முழுக்க ஒலிபெருக்கி. அழைப்பிதழில் பத்தொன்பது பெயர்கள். அதையும் நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் சரஸ்வதியம்மாள் வந்து ரிப்பன் வெட்ட வேண்டும். அவர் வேறு இரண்டு உத்காடனம் முடித்து வரப் பன்னிரண்டரை ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் வாழ்த்துரை.

பதினொன்றே காலுக்கு அக்காவின் கார் வந்தது. கிணத்துக்கடவிலிருந்து ஒன்றரை மணி நேரம். வழியில் வேலந்தாவளத்தில் இரண்டு இளநீர் குடித்ததாகப் பின்னால் சொன்னார். நான்கு கால் ஊன்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர், பந்தலைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய் நின்றார்.

"ஏனுங்க, பந்தல் போட்டிருக்குது? ஆருக்கு என்னாச்சு?"

"ஆருக்கும் ஒண்ணுமில்ல நாச்சா. உத்காடனம்."

"எதுக்கு?"

அண்ணன் கையைக் காட்டினார். அக்கா கதவைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அறுபது பேரைப் பார்த்தார். மெம்பர் மைக்கைப் பிடித்தபடியே கும்பிட்டார். "இதோ, நம்ம நாச்சம்மா அத்தையே வந்துட்டாங்க. இவங்க படற கஷ்டத்தப் பாத்து நான் ராத்திரி பகலாத் தூங்கல. இவங்க சௌகரியத்துக்காகத்தான் இந்த விழா. எல்லாரும் பேசி முடிச்சு, பிரசிடெண்ட் வந்து தெறந்து வெச்சதும், மொத ஆளா..."

"மெம்பர் தம்பி," என்றார் அக்கா, "இன்னும் எத்தன பேரு பேசோணும்?"

"பதினாறு பேருங்க அத்த."

அக்கா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஊன்றியை எடுத்து எடுத்து வைத்துச் சரிவில் ஏறினார். தட்டோடு நின்ற பெண்ணிடமிருந்து கத்தரியை எடுத்தார். ரிப்பனை வெட்டினார். கத்தரியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "நீங்க பேசுங்க தம்பி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மெம்பர் மைக்கைப் பிடித்தபடி கதவையே பார்த்தார். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. அப்புறம் தண்ணீர் இறங்கும் ஓசை மைக்கில் விழுந்து, வீதி முழுக்க நான்கு ஒலிபெருக்கிகளிலும் கணீரென்று கேட்டது. எந்த அரசாங்கத் திட்டமும் வேலை செய்கிறது என்பது இத்தனை தெளிவாக ஜனங்கள் முன்னால் நிரூபிக்கப்பட்டதில்லை. அறுபது பேரும் எழுந்து கைதட்டினார்கள். ஷிஜுதான் முதலில் தட்டினார்.

கதவு திறந்தது. அக்கா இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நல்லாத்தான் கட்டீருக்கறீங்க," என்றார். காளிச்சாமி அண்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நாலரை மாதம் ரவை உப்புமா தின்ற மனுசன், அழட்டும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீதியில் ஒரு நோய் பரவியது. ஐப்பசியில் எட்டு வீட்டில் முட்டி வலி. கார்த்திகையில் இருபது. மார்கழி முடிவதற்குள் முப்பத்திரண்டு கட்டுத்தரையிலும் காலில் ஊனமுற்ற உருப்படி இருப்பதாகப் பதிவாகி, முப்பத்திரண்டு நோய்க்கொட்டில்கள் எழுந்தன. என் வீட்டில் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருக்கிறேன், கால்நடைக்குக் குளிர்ச்சி. டாக்டர் வனிதா வில்லைகள் தீர்ந்துபோய் மேலும் ஒரு பெட்டி எழுதி வாங்கினார்.

ஒரே வீதியில் நூற்றுக்கு நூறு கால் ஊனம் என்ற புள்ளிவிவரம் மேலிடத்தைக் கலக்கிவிட்டது. தொற்றுநோயோ என்று பயந்து விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஜோஜோ திரும்பி வந்தார். இம்முறை டிரோன் இல்லாமல், வீடு வீடாக நடந்தே விசாரித்தார். மூன்று நாள் விசாரணையின் முடிவில், மேற்படி உருப்படிகள் மனிதர்கள் என்று தெரியவந்தது.

பங்குனியில் கிராமசபை கூடியது. குத்துவிளக்கு, வரவேற்பு, வாழ்த்து எல்லாம் முடிந்து ஜோஜோ எழுந்தார். சுவரில் புது வரைபடம், எங்கள் வீதி எலுமிச்சை மஞ்சள். "வரலாற்றுப் பிழை ஒன்று இன்று திருத்தப்படுகிறது. இந்தத் தீர்மானம் நிறைவேறிய நிமிடத்திலிருந்து நீங்கள் குடியிருப்பு மண்டலம். ஒரே ஒரு சிறு விஷயம். குடியிருப்பு மண்டலத்தில் நோய்க்கொட்டிலுக்கு இடமில்லை என்பதால், முப்பத்திரண்டையும் தொண்ணூறு நாளுக்குள் இடித்துவிட வேண்டும். அதன்பின் கழிப்பறைக்கு முறைப்படி அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். மூன்று நகல் போதும். ஆட்சேபம் யாருக்காவது உண்டா?"

நாச்சம்மாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரை முழங்கையால் இடித்தார். காளிச்சாமி அண்ணன் எழுந்தார். கையில் சாவி, சாவியில் மஞ்சள் வில்லை.

"ஐயா, நாங்க இப்படியே கால்நடையா இருந்துக்கறமுங்க."

"காளிச்சாமி, என்ன சொல்கிறீர்கள்? நீங்கள் மனிதர்கள். நானே விசாரித்து உறுதி செய்திருக்கிறேன்."

அண்ணன் பணிவாகத் தலையை ஆட்டினார்.

"தனிப்பட்ட முறைல நாங்களும் அப்படித்தானுங்க நம்பறோம்," என்றார். "ஆனா அத வெச்சு மேப்பு வரைய முடியாதுங்களே."